பத்தில் மூன்று

படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டும் சீட்டில் தலைப்பு, ஆண்டு, அளவு எல்லாம் போக, கடைசியாக 3/10 என்று ஒரு வரி இருக்கும். மொத்தம் பத்து பிரின்ட், இது மூன்றாவது. புகைப்படச் சந்தைக்கு வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்த கையோடு அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எண்ணைப் பார்த்துவிட்டுப் படத்துக்கு வருபவர்களும் உண்டு. சிறிய கேலரி ஒன்றில் வேலை பார்க்கிற எனக்குப் பிழைப்பே அந்த எண்ணை நம்பித்தான். ஆனாலும் ஒரு சந்தையில் எங்கள் ஸ்டாலில் நடந்த ஒரு பேச்சுக்குப் பிறகு, அதைப் பழைய மாதிரி எழுத மனம் வரவில்லை. தொழிலில் இருக்கும் நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். சிலர் தலையாட்டினார்கள், சிலருக்குக் கோபமே வந்தது. இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

வாடகைச் சுவர்

கேலரியில் படம் பார்ப்பது ஒரு மாதிரி, சந்தையில் பார்ப்பது வேறு மாதிரி. 1979ல் தொடங்கிய, புகைப்பட வியாபாரிகளின் ஏய்பேட் சங்கம் நியூயார்க்கில் நடத்தும் சந்தை, 1997ல் ஆரம்பித்த பாரிஸ் ஃபோட்டோ, 2015லிருந்து நடக்கும் ஃபோட்டோ லண்டன் என்று எதை எடுத்துக்கொண்டாலும், ஒரே கூரைக்குக் கீழே வெள்ளிப் பூச்சுத் தகட்டில் பதிந்த 19ஆம் நூற்றாண்டு டகரோடைப்பும் போன மாதம் போட்ட ஆளுயரக் கலர் பிரின்டும் அடுத்தடுத்த ஸ்டாலில் இருக்கும். நடைபாதையில் வருகிறவர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பியபடியே நடக்கிறார். தூரத்திலிருந்தே கண்ணை இழுப்பது பெரிய படம். இருட்டறையில் வெள்ளி உப்புக் காகிதத்தில் போட்ட, உள்ளங்கை அகல வெள்ளி பிரின்டுக்கு அவர் நின்று, திரும்பி, ஸ்டாலுக்குள் நான்கு அடி வைத்து, குனிந்து பார்க்க வேண்டும். அத்தனையும் நடந்தால்தான் அந்தப் படம் தன் வேலையைத் தொடங்கும்.

ஸ்டாலுக்கு வாடகை சதுர மீட்டர் கணக்கு. அதற்கு மேல் விளக்கு, ஃபிரேம், பெட்டி கட்டுவது, இன்ஷூரன்ஸ், போக்குவரத்து. விற்கும் தொகையில் வழக்கமாகப் பாதி புகைப்படக் கலைஞருக்குப் போய்விடும், போகவும் வேண்டும். ஆக, சுவரின் ஒவ்வொரு அடியும் தன் வாடகையைத் தானே சம்பாதித்தாக வேண்டும் என்ற கணக்கு எல்லார் மனதிலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே படத்தை இரண்டு மூன்று அளவுகளில் போட்டு, ஒவ்வொரு அளவுக்கும் தனி எடிஷன், அதாவது தனி எண்ணிக்கை, என்று வைக்கும் பழக்கம் வேரூன்றியதற்கு இந்தக் கணக்கும் ஒரு முக்கியக் காரணம். சின்னது பத்து, பெரியது ஐந்து, கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் ஆர்ட்டிஸ்ட் புரூஃப் இரண்டு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாமே விலைப்பட்டியலில் இருக்கிறது, கேட்டால் சொல்லவும் சொல்கிறோம். கேட்டால் மட்டும்தான் சொல்கிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அந்த முறை நாங்கள் கொண்டுபோனது ஒரு மூத்த பெண் புகைப்படக் கலைஞரின் கறுப்பு வெள்ளைப் படங்களை. மழைக்கு முந்தைய கடல், கற்களைக் கொட்டிப் போட்ட அலைத்தடுப்பு, அதன் ஓரத்தில் சைக்கிளோடு நிற்கும் ஒரு ஆள். இதுதான் முக்கியப் படம். மாட்டி முடித்ததும் அவர் வந்து பார்த்து, "கடலே தெரியவில்லையே" என்றார். உண்மைதான். வெள்ளி பிரின்டின் அடர்ந்த கறுப்பு, கண்ணாடிக்குப் பின்னால் போனதும் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. எதிர் ஸ்டாலின் ஆரஞ்சுச் சுவர் அப்படியே கடலுக்குள் நின்றது. விளக்கைச் சாய்த்தோம், படத்தை ஒரு அடி தள்ளினோம். ஆரஞ்சு போய், பார்க்க வருகிறவரின் சட்டை வந்தது. கடைசியில், நடைபாதைக்கு முகம் காட்டும் நல்ல சுவரை விட்டுவிட்டு, எங்கள் சொந்தச் சாம்பல் நிறச் சுவர் எதிரே வருகிற மாதிரி உள்பக்க மூலையில் மாட்டினோம். அங்கே கடல் கறுப்பாக இருந்தது. ஆனால் ஸ்டாலுக்குள் நுழையாமல் யாருக்கும் அது கண்ணில் படாது.

"நெகட்டிவ் எங்கே?"

கூட்டம் தளர்ந்த ஒரு மதியத்தில் ஒருவர் வந்தார். நீண்டகாலமாகப் படம் சேர்ப்பவர் என்பது பார்த்த விதத்திலேயே தெரிந்தது. கண்ணாடிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, காகிதத்தின் மேல்பரப்பில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தார். அப்புறம் மெதுவாக, "பத்தில் மூன்று என்று போட்டிருக்கிறீர்கள். இதே படம் வேறு அளவில் வருமா?" என்று கேட்டார். வரும், பெரிய அளவில் ஐந்து, அது தனி எடிஷன், புரூஃப் இரண்டு என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். "அப்படியானால் பதினேழு" என்றார். "மூன்றாவதாக ஒரு அளவு போட்டால் இருபதைத் தாண்டும். சரி, நெகட்டிவ் எங்கே?"

குரலில் கடுமை எதுவும் இல்லை. கணக்குக் கேட்கிற தொனிதான். எனக்கு முன்னால், பின்பக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புகைப்படக் கலைஞரே பதில் சொன்னார். "நெகட்டிவ் என் வீட்டில் இருக்கிறது. ஏன், அழித்துவிட வேண்டுமா?"

"அழித்துவிட்டால் வாங்குபவருக்கு நிம்மதிதானே?"

புகைப்படக் கலைஞர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து, "உள்ளே இருக்கும் பெட்டியைக் கொண்டு வாருங்கள்" என்று என்னிடம் சொன்னார். எல்லா ஸ்டாலுக்கும் பின்னால் ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய ஒரு சந்து இருக்கும். பொதி அட்டை, குமிழித்தாள், கோட்டுகள், தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கேதான். அங்கேயிருந்து அமிலமில்லாத அட்டைப் பெட்டியை எடுத்துவந்தேன். மியூசியக்காரர் ஒருவர் பார்க்க ஆசைப்பட்டார் என்று, அந்தப் படத்தை எடுத்த காலத்திலேயே போட்ட ஒரு பழைய பிரின்டை அவர் அதில் வைத்திருந்தார். கூடவே ஃபிரேம் போடாத நான்காம் எண் பிரின்டும் இருந்தது. மேஜையைத் துடைத்து, கையுறை போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இடையில் கண்ணாடி இல்லை.

ஒரே நெகட்டிவ்தான். ஆனால் பழையதில் வானம் கிட்டத்தட்ட வெறும் வெளிச்சம். காகிதம் அக்ஃபாவின் போர்ட்ரிகா ரேபிட், இன்று தயாரிப்பில் இல்லை. கறுப்பெல்லாம் லேசான பழுப்பில் தோய்ந்த கறுப்பு. சைக்கிள் ஆள் முழுசாகத் தெரிகிறார். கைப்பிடியில் தொங்கும் பையின் முடிச்சுகூடத் தெரிகிறது. ஓரமாகச் சாய்த்துப் பார்த்தால், தூசு விழுந்த இடங்களைத் தூரிகையால் அவர் அடைத்த புள்ளிகள் பளபளப்புக்கு நடுவில் மங்கலாகத் தெரிகின்றன. புதியதில் வானம் இறங்கி வந்திருக்கிறது. மேகத்துக்கு எடை இருக்கிறது. ஆள் பாதி இருட்டுக்குள் போய்விட்டார், சைக்கிளின் மட்கார்டில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். வந்தவர் இரண்டுக்கும் நடுவே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவற்றைத் தனித்தனியே பலமுறை பார்த்தவன்தான். சேர்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்போது எனக்கு அந்த ஆள் நன்றாகத் தெரிய வேண்டும் என்றிருந்தது" என்றார் புகைப்படக் கலைஞர். "இப்போது இருட்டறைக்குள் போனால் வானத்தில்தான் வேலை செய்யத் தோன்றுகிறது. அட்டையைப் பிடித்து வானத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் கொடுக்க வேண்டும். கை நடுங்கினால் அலைத்தடுப்பு ஓரத்தில் ஒரு கறுப்புக் கரை வந்துவிடும். காய்ந்தபிறகு இன்னும் ஒரு பங்கு கறுக்கும், அதையும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்தால் இரண்டு தேறும். நெகட்டிவ் இருக்கிறது என்பதற்காக அது தானாகப் படம் ஆகிவிடாது."

வந்தவர், "பழையது எத்தனை இருக்கிறது?" என்று கேட்டார்.

"நான்கோ ஐந்தோ. அப்போதெல்லாம் எண் போடுகிற வழக்கமே இல்லை. ஒன்றைப் பத்திரிகைக்குக் கொடுத்தேன், திரும்பி வரவில்லை."

எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். எண் போட்ட பிரின்ட் பத்து வரை வரலாம், பெரியதையும் சேர்த்தால் அதற்கும் மேல். எண்ணே இல்லாத பிரின்ட் உலகத்திலேயே நான்கோ ஐந்தோ. சீட்டில் நாங்கள் பெரிதாக எழுதியிருந்த வரி இதில் எதையும் சொல்லவில்லை. எடுத்த ஆண்டை எழுதியிருந்தோம். பிரின்ட் போட்ட ஆண்டு விலைப்பட்டியலின் கடைசியில் சின்ன எழுத்தில் கிடந்தது.

வந்தவர் சுவரில் இருந்த மூன்றாம் எண்ணையே வாங்கினார். ஆனால் ரசீதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: எல்லா அளவும் சேர்த்து இந்தப் படம் மொத்தம் எத்தனை வரும் என்று. புகைப்படக் கலைஞர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, பெரிய அளவு இல்லை, புரூஃபோடு சேர்த்துப் பன்னிரண்டுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய அளவை நம்பித்தான் நாங்கள் அடுத்த சந்தைக்கான திட்டம் போட்டிருந்தோம். என் முகம் மாறியதை அவர் கவனித்திருப்பார், எதுவும் பேசவில்லை.

எண்ணுக்கு ஒரு பின்கதை

செம்புத் தகட்டில் கீறி அச்சிடும் படத்துக்கு எண் போடுவதற்கு உடல்ரீதியான காரணமாவது உண்டு. அச்சிட அச்சிடத் தகடு தேயும். நெகட்டிவ் அப்படித் தேய்வதில்லை. புகைப்படத்தில் பத்து என்பது முழுக்க முழுக்க ஒரு வாக்குறுதி, கொடுத்தவர் காப்பாற்றும் வரைக்கும்தான் அது பத்து. எண் இல்லாமலும் மதிப்பு நின்றிருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941ல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸில் எடுத்த நிலவுப் படத்தை வாழ்நாளில் 1300 தடவைக்கு மேல் பிரின்ட் போட்டார். முந்தைய பிரின்டுகளில் வானத்தில் மெல்லிய மேகம் தெரியும், பிந்தையவற்றில் வானம் கறுத்துவிடும். அத்தனை பிரதிகள் இருந்தும், பழைய பிரின்ட் ஒன்று 2006ல் ஏலத்தில் 6 லட்சம் டாலருக்கு மேல் போனது. எது எப்போது போட்டது என்பதைத்தான் அங்கே விலை பேசியிருக்கிறது.

எதிர்க்கோடியில் இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரெட் வெஸ்டன் இருக்கிறார். 1991ல், தன் 80வது பிறந்தநாளில், வாழ்நாள் நெகட்டிவ்களில் பெரும்பகுதியைத் தீயில் போட்டார். தான் போட்டால்தான் அது தன் பிரின்ட் என்பது அவர் பிடிவாதம். எங்கள் ஸ்டாலுக்கு வந்தவர் கேட்டதைத் தானாகவே செய்தவர். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் அந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன். பழைய பிரின்டில் ஒருவர் அந்த ஆளைப் பார்த்தார், பல வருடம் கழித்து அதே நெகட்டிவில் வானத்தைப் பார்த்தார் என்றால், அந்த இரண்டாவது பார்வையை எரித்துவிட்டு யாருக்கு என்ன நிம்மதி?

வாக்குறுதி எங்கே வழுக்கும் என்பதற்கு கலர் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் வழக்குதான் எல்லாரும் சொல்லும் உதாரணம். 2012ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அவருடைய 36 படங்கள், சாயத்தைக் காகிதத்துக்கு மாற்றும் பழைய டை டிரான்ஸ்ஃபர் முறையில் இல்லாமல் பெரிய டிஜிட்டல் பிக்மென்ட் பிரின்டுகளாக, சுமார் 59 லட்சம் டாலருக்கு விற்றன. மெம்ஃபிஸில் எடுத்த அந்த மூன்று சக்கர சைக்கிள் படம் மட்டும் 5,78,500 டாலர். அதே படத்தின் பழைய எடிஷனைக் கையில் வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார், குறைந்த எண்ணிக்கை என்று நம்பித்தானே வாங்கினேன் என்று. 2013ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அளவும் முறையும் வேறு, ஆகவே இது வேறு எடிஷன் என்ற வாதம் நின்றது. சட்டப்படி சரியாக இருக்கலாம். பழைய பிரின்டுக்கு அதனால் விலை குறையவில்லை என்றும் சொல்வார்கள். ஆனால் வாங்குகிற நேரத்தில் அந்த எண் அவர் காதில் என்ன சொன்னதோ, அதை நீதிமன்றம் அளந்து பார்க்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிவிதியில் இதற்கு ஒரு நேரான பதில் இருக்கிறது. கலைஞர் தானே போட்ட அல்லது தன் மேற்பார்வையில் போட வைத்த, கையெழுத்தும் எண்ணும் உள்ள புகைப்படம் கலைப்படைப்பாகக் கணக்கில் வர வேண்டுமானால் மொத்தம் 30 பிரதிகளைத் தாண்டக்கூடாது, அதுவும் எல்லா அளவுகளும் சேர்த்து. வரி வசூலிக்க எழுதிய விதிதான். ஆனால் எங்கள் சீட்டைவிட அது நாணயமாக இருக்கிறது என்று அன்றைக்குப் பிறகு நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து ஸ்டால்காரர் சொன்னது

பக்கத்து ஸ்டாலில் இருந்த நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மூடும் நேரத்தில் வந்து, "இப்படி எல்லாரும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தால் இளம் புகைப்படக் கலைஞர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முப்பது வயதுக்காரருக்கு ஒரு நல்ல படம் அமைந்துவிட்டால், அதன் சின்ன அளவு விற்றுத்தான் அடுத்த பயணம், பெரிய அளவு விற்றுத்தான் வாடகை. எடிஷன் விற்க விற்க விலையை ஏற்றிக்கொண்டு போகும் வழக்கமும் அவர்களுக்குக் கொஞ்சம் ஆதரவு. இன்றைக்கு யோசிக்காமல் ஒரு மொத்த எண்ணைச் சொல்லிவிட்டு நாற்பது வருடம் அதற்குள் அடைபட வேண்டுமா? அவர் இன்னொன்றும் சொன்னார்: "கையால் போட்ட பிரின்ட் என்று ரொம்ப உருகாதீர்கள். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தானே போட்டாரா?"

இல்லை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரான கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பிரின்ட் போடும் வேலையைப் பாரிஸ் லேப் ஒன்றிடம் நம்பி விட்டவர். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டையான் ஆர்பஸ் 1971ல் இறந்தபிறகு நீல் செல்கர்க் என்பவர் போட்ட பிரின்டுகள் அப்படித்தான் சொல்லி விற்கப்படுகின்றன, வாங்குகிறவர்கள் தெரிந்தே வாங்குகிறார்கள். 2009ல் இறந்த புகைப்படக்காரர் விவியன் மேயர் எடுத்த ஃபிலிம் சுருள்களில் ஏராளமானவற்றைக் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண்ணால் காணாத பிரின்டுகள் இன்று சுவர்களில் இருக்கின்றன. இவற்றை எல்லாம் தள்ளி வைக்க நான் யார்? யார் போட்டது, எப்போது போட்டது என்பது சீட்டிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. அதை மறைத்தபோது என்ன ஆனது என்பதற்கு புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் விவகாரம் இருக்கிறது. ஹைன் 1940ல் இறந்தார். 1990களின் இறுதியில், அவர் காலத்துப் பிரின்ட் என்று கைமாறிக்கொண்டிருந்த சிலவற்றைச் சோதித்தபோது, காகிதம் புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்வது காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் வெண்மையூட்டி, அது புகைப்படக் காகிதத்தில் வந்ததே 1950களில்தான். எங்கள் படத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்த அந்த மனிதரின் சந்தேகம் வெறும் குணக்கோளாறு இல்லை. அவருக்கு முன்னால் நிறையப் பேர் சுட்டுக்கொண்டு கற்ற பாடம்.

இளம் கலைஞர்கள் பற்றிய கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: மொத்தத்தைப் பெரிதாகவே வையுங்கள். பத்து என்று எழுதி இருபத்தைந்து போடுவதைவிட முதலிலேயே இருபத்தைந்து என்று எழுதலாம். விலை சற்றுக் குறையலாம், வாங்குகிறவர் வட்டம் அகலும். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஸ்டாலில் அன்று விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டிய எல்லாமே ஐந்து பிரதி எடிஷன்கள்தான். அதை அவர் சுட்டிக்காட்டினார், நானும் மறுக்கவில்லை.

எங்கள் கேலரியில் இப்போது சீட்டு மாறிவிட்டது. படம் எடுத்த ஆண்டு, பிரின்ட் போட்ட ஆண்டு, போட்டவர், எல்லா அளவும் புரூஃபும் சேர்த்து மொத்தம் எத்தனை, அப்புறம்தான் இது எத்தனையாவது. எழுத்து எல்லாம் ஒரே அளவு. சான்றிதழிலும் அதே வரிகள். இதற்குப் பிறகு ஸ்டாலில் பேச்சு நீள்கிறது என்பதைக் கவனிக்கிறேன். பிரின்ட் ஆண்டைப் பார்த்ததும் ஏன் இவ்வளவு வருடம் கழித்து என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் படத்தைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

எங்களோடு இருக்கும் கலைஞர்களில் ஒருவர் மட்டும் இன்னும் மொத்த எண் சொல்ல மறுக்கிறார். கலரில் வேலை செய்பவர், அருமையான கண். எதிர்காலத்தில் என்ன அளவு தேவைப்படும் என்று இப்போது எப்படித் தெரியும், சுவரே இல்லாத திரைகளுக்குக்கூடப் போடலாமே என்கிறார். அவர் படங்கள் இல்லாவிட்டால் எங்கள் ஸ்டாலுக்கு நடைபாதையிலிருந்து திரும்பிப் பார்க்கிற ஆட்கள் குறைவார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த சந்தைக்கு விண்ணப்பம் போக வேண்டிய தேதி நெருங்குகிறது. அதற்குள் அவர் ஒரு எண்ணைச் சொன்னால் நடைபாதையைப் பார்த்த சுவர் அவருக்கு. சொல்லாவிட்டால் அந்தச் சுவரில் என்ன மாட்டுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆரஞ்சுச் சுவர் எதிரே வராது என்றால், கறுப்பு வெள்ளையையே மாட்டலாம்.